கரடிமணி

…குடும்பப் பெயர் வேறாகத்தான் இருக்கிறது, கல்யாணம் ஆகியிருக்கும், ரிட்சுகோ என்ற பெயரில் இந்தக் கனஸாவா ஊரிலேயே ஆயிரம் பேர் இருப்பார்கள், ஆனால் இந்தக் கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் அடுத்த கட்டம்வரை நீண்டு, யார் இடத்தையோ பிடுங்கிக்கொள்வதுபோல… ஹருயோ சீட்டை மேசை விளிம்புக்குத் தள்ளினாள். யார் பெயருக்குக் கையெழுத்து வேண்டும் என்று வாசகர்கள் எழுதித் தரும் சீட்டுகளைப் புத்தகக் கடைப் பெண் ஐந்தைந்தாகக் கொண்டுவந்து வைக்கிறாள், இது ஐந்தாவது, அப்படியானால் இன்னும் நான்கு பேர், அப்புறம் அவள். நிமிர்ந்து வரிசையைப் பார்க்கலாமா, வேண்டாம், முகக்கவசம் இருக்கிறது, புனைபெயர் இருக்கிறது, ஷிராசாகி நாவோ என்ற படக்கதைக்காரி யாரென்று இங்கே ஒருவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது, நானாகச் சொல்லும்வரை. சொல்லத்தான் வேண்டும், இத்தனை பேர் நடுவில், சத்தமாக, அன்றைக்கு அவள் செய்தமாதிரியே.

முதலில் வந்த சிறுமி கதாநாயகி மினோரியை வரைந்து தரச் சொன்னாள், கை தானாக வரைந்தது, பனித்தொப்பி, பின்னல், இடுப்பில் மணி… அந்த மணி எங்கிருந்து வந்தது என்று எந்தப் பேட்டியிலும் ஹருயோ சொன்னதில்லை. மலையடிவாரத்துப் பள்ளி, கரடி விலகிப் போகட்டும் என்று எல்லாப் பிள்ளைகளும் பையில் மணி கட்டிக்கொண்டு நடப்பார்கள், அந்த மணியைக் குலுக்கினால் ஒரு சாதாரணப் பெண் மந்திரப் பெண்ணாக மாறுவாள் என்று கணக்கு நோட்டில் வரையத் தொடங்கியபோது ஹருயோவுக்குப் பதின்மூன்று வயது. அந்த நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகக் கிழித்து வகுப்பின் பின்பலகையில் ஒட்டியது யார், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாற்காலிமேல் ஏறி, மாறும்போது சொல்லும் மந்திரத்தைக் குரலை இழுத்து இழுத்துப் படித்தது யார்? முப்பத்திரண்டு பேர் சிரித்தார்கள், பால் புரையேறச் சிரித்தார்கள். அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஹருயோவுக்குப் பெயரே கிடையாது, "கரடிமணி வருதுடி, ஓடுங்க" என்பதுதான் பெயர்.

இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள், நன்றி, நன்றி… பத்து வருஷம் கழித்து அதே மணிப் பெண்ணை மாதப் பத்திரிகைக்குக் கொண்டுபோனபோது ஆசிரியர் கனெமாரு மந்திரத்தை அடித்துவிட்டார், "இவ்வளவு நீளமா இருந்தா எந்தக் குழந்தை சொல்லும் சென்செய்? மூணே வார்த்தை போதும்," என்று அந்த 'சென்செய்' மரியாதைச் சொல் மாறாமலே சொன்னார், மின்னு மலரு வெல்லு, அதுதான் இன்றைக்கு ஊரெல்லாம் கத்துகிறது. பொம்மைக் கம்பெனிக்காரர்கள் மணியை ஊதா நிறத்தில் விளக்கெரிய வைத்தார்கள், சரி, அதற்கும் தலையாட்டினாள், எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், ஒன்றே ஒன்றைத் தவிர. கதையின் வில்லி, காக்கைச் சூனியக்காரியின் முகம். அந்த மேடான நெற்றி, ஒரு பக்கமாகச் சாயும் கழுத்து, மூக்கால் மட்டும் வருகிற சிரிப்பு, ஒரு கோட்டைக்கூட யாரையும் தொடவிடவில்லை. ஒன்பது வருஷமாக அவளை அறைந்தாள், பனியில் புதைத்தாள், சிறகைப் பிய்த்தாள், போதவில்லை. கடைசி அத்தியாயத்தில் ஊரே கூடி நின்று பார்த்துச் சிரிக்கச் சிரிக்க அவள் சாகப்போகிறாள், ஒருவருக்கும் அவள் பெயர் நினைவிருக்காது. "வாசகருங்க ஓட்டுல அவதான் முதல் இடம், கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன்," என்று கனெமாரு கெஞ்சியும் பார்த்தார். நாளைக்கு அந்தப் பக்கத்துக்கு மை போட வேண்டும்.

நான்காவது ஆள் போய்விட்டான். அந்த நெற்றி மேசைக்கு முன்னால் குனிந்தது.

"எனக்குக் காக்கைச் சூனியக்காரி வேணும் சென்செய். எங்க வீட்டுல எல்லாரும் சிரிக்கிறாங்க, ஏன்னே தெரியல, அவளப் பாத்தா எனக்கு ரொம்பப் பழகின மாதிரி இருக்கு."

இப்போது சொல், முகக்கவசத்தை இறக்கு, உன் முகம்தான் அது என்று சொல்… ஆனால் பேனா மட்டும் நெற்றியை வரைந்துகொண்டிருந்தது, அவளோ பேசிக்கொண்டே இருந்தாள்.

"எங்க கிளாஸ்லயும் ஒருத்தி இப்படி வரைவா. அவ்வளவு அழகா வரைஞ்சிட்டு நோட்டுக்குள்ளயே ஒளிச்சு வெப்பா. நான்தான் எல்லாரும் பாக்கட்டுமேன்னு எடுத்துப் பலகையில ஒட்டினேன்."

எல்லாரும் பார்க்கட்டும் என்றா? பொய் சொல்கிறாளா, அல்லது உள்ளே அப்படித்தான் வைத்திருக்கிறாளா, நான் பத்தொன்பது வருஷமாக இந்தப் பகையைப் பாலூட்டி வளர்த்திருக்க, அவளுக்கு அது ஒரு நல்ல காரியமா?

"அவங்க பேரு?" என்று கேட்டாள் ஹருயோ, குரல் யாருடையதோபோல வந்தது.

"அதான் சென்செய், பேரு மட்டும் வரமாட்டேங்குது. ஆனா அந்த மந்திரம் இன்னும் மனப்பாடம். 'பனியே வழி விடு, மணியே வாய் திற, மலையே என்னை மறைக்காதே…'" ரிட்சுகோ இழுக்கவில்லை, கேலியாகவும் சொல்லவில்லை, சமையலறையில் முணுமுணுத்துப் பழகியவள்போலச் சொன்னாள். "'…யாரும் கூப்பிடாவிட்டாலும் நான் வருவேன்.'"

பேனா நின்றது. முதல் மூன்று வரி தெரியும். நான்காவது… அப்படி ஒரு வரி இருந்ததா? தானே எழுதியது, தனக்கே நினைவில் இல்லை, எப்போது தொலைந்தது, கனெமாரு அடித்தபோதா, அதற்கும் முன்பா?

"நேரமாகுதுங்க," என்று கடைப் பெண் மெல்லச் சொன்னாள். ரிட்சுகோ புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்து வணங்கிப் போனாள், நகரும் படிக்கட்டில் தலை மறைந்தது. முகக்கவசம் இறங்கவேயில்லை… ஹருயோ மறந்துபோவதற்குள் கையில் அகப்பட்ட தாளில் அந்த வரியை எழுதினாள், எழுதிய பிறகுதான் அது ரிட்சுகோவின் சீட்டு என்று கண்டாள். கொல்லத்தான் போகிறேன், நாளைக்கு அவளைக் கொல்லத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டாள், ஆனால் இந்த வரியை மினோரியின் வாயில் வைத்துப் பார்த்தாள், தன் வாயில் வைத்துப் பார்த்தாள், உள்ளே அது ரிட்சுகோவின் குரலில் மட்டும்தான் கேட்டது.