தெத்துப்பல் லட்சுமி

என் புருஷன் சத்தியநேசனுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். அவர் வரைந்த படத்தைக் காட்டி, நாலு பேர் முன்னால், "இது சத்தியநேசன் வரைந்தது" என்று யாராவது சொல்ல வேண்டும். பெரிய ஆசையா இது? கரமனையில் கல்யாணராமன் சாரின் ஸ்டூடியோவில் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. சார் காலையில் கரிக்கோடு இழுத்துவிட்டு, ஜரிகை அங்கவஸ்திரத்தோடு பெரிய மனிதர் வீடுகளுக்குக் கிளம்பிவிடுவார். முகம், புடவை, நகை, பின்னால் மலை, ஆறு எல்லாம் இவர் கை. வர்ணம் காய்ந்ததும் சார் வந்து மூலையில் கையெழுத்துப் போடுவார். கை வலிக்காதோ பாவம்!

ஆரியசாலையில் மொத்த வியாபாரம் செய்யும் பகவதிப்பெருமாள் பிள்ளை, பூஜை அறைக்கு ஆளுயர லட்சுமி படம் கேட்டார். "நேசா, இந்தத் தடவை பிள்ளைவாள் ஆத்துல எல்லார் முன்னாலயும் உன் பேரைச் சொல்றேன், போறுமா?" என்றார் சார். இவருக்கு அன்று சோறே இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

படம் வைக்கிற வெள்ளிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் ஏசுவைக் கும்பிடும் வேதக்காரர்கள், முற்றத்தில் நின்றோம். மகாராஜா கோயில் நடையை எல்லா ஜாதிக்கும் திறந்துவிட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை வீட்டு நடை எங்கள் மாதிரி ஆட்களுக்கு இன்னும் திறக்கவில்லை.

படத்தின்மேல் இருந்த துணியை விலக்கினார்கள். தாமரைமேல் நின்று சிரிப்பது நான்! என் தெத்துப்பல்கூட அப்படியே இருந்தது. பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

பிள்ளையின் மனைவி விஜயத்துக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள் நான். அந்த அம்மாள் படத்தைப் பார்த்தாள், முற்றத்தைப் பார்த்தாள். "அய்யய்யோ, இது நம்ம எலிசாளாக்கும்! இவளையா நான் விழுந்து கும்பிடணும்?"

பிள்ளை சாரிடம் திரும்பினார். "என்ன சாமி இது? வேதக்காரி மூஞ்சியைக் கொண்டாந்து வச்சிருக்கேரு?"

சாரின் முகம் வெளுத்தது. "சிவ சிவா! நான் வரையலை பிள்ளைவாள். அதோ நிக்கறானே சத்தியநேசன், அவன் வரைஞ்சது. முகம் மட்டுமில்லை, புடவை, தாமரை, சகலமும் அவன்தான். நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்."

எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை! தெருவே கேட்கும்படி சொன்னார். பிள்ளையின் ஆட்கள் இவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

படம் வண்டியேறி ஸ்டூடியோவுக்கே திரும்பி வந்தது. முகத்தை மாற்ற வேண்டும். யார் மாற்றுவது? சாருக்கு முகம் எழுதுகிற பழக்கம் எப்போதோ விட்டுப்போயிருந்தது. "நீ இழுத்து வச்ச வினை, நீயே சரி பண்ணு" என்று இவரிடம் சொல்லிவிட்டார்.

"முடியாதுன்னு சொல்லுங்க" என்று நான் கத்தினேன்.

"வேற எங்க பிள்ளே போய் வரைவேன்? வர்ணமும் துணியும் நம்மகிட்ட உண்டா?" என்றார்.

மறுநாள் சோறு கொண்டுபோனபோது கண்ணால் பார்த்தேன். கத்தியால் என் கன்னத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தூக்குப்பாத்திரத்தை வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

புது முகம் யார் சாயலும் இல்லாமல், வாயை மூடிக்கொண்டிருந்ததாம். விஜயம் அம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். "சாமி கை வச்சாத்தான் படம் படமாவுது" என்று பிள்ளை சாருக்குப் பட்டு போர்த்தினாராம். படத்தைத் தூக்கிப் போன கூலிக்காரன் வந்து சொன்னான். இவரை அந்தப் பக்கமே அண்ட விடவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதுக்கு நீங்க சாலைக் கடைத்தெருவுல மூட்டை சுமக்கப் போவலாம்! மானம் ரோஷம் ஒண்ணும் கிடையாதா?"

அவர் சிரித்தார். "அதை விடு பிள்ளே. அன்னைக்கு அத்தனை பேர் முன்னால சார் எம் பேரைச் சொன்னாரு. சகலமும் அவன்தான்னு சொன்னாரு. நீயும் கேட்டியல்லே?"

கழுத்தில் அவர்கள் பிடித்த இடம் இன்னும் கன்றியிருந்தது. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன்.