கணக்கு வாத்தியாரின் கால்களில் சேர்ந்த ஓட்டம்

ஒரு புதன்கிழமை மூன்றாம் பீரியடில், கரும்பலகையில் ஒரு சமன்பாட்டைப் பாதி எழுதிக்கொண்டிருந்தபோது, கணக்கு வாத்தியாரின் கால்கள் ஓடத் தொடங்கின. அவர் ஓடவில்லை, கால்கள்தான் ஓடின. அவற்றின் மேல் இருந்த காரணத்தால் அவரும் கூடவே போக வேண்டியதாயிற்று. கையில் சாக்பீஸோடு வராந்தாவைக் கடந்து மைதானத்தில் இறங்கியவர், மதிய மணி அடித்தபோது நாற்பதாவது சுற்றில் இருந்தார். சமன்பாட்டின் மீதியை, வகுப்பு ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம் ஒவ்வொரு வரியாகச் சொல்லி முடித்தார். கடமையில் குறை வைக்காத மனிதர்.

உண்மையில் அது பி.டி. பீரியட். பரீட்சை வருகிறது என்று சொல்லிப் பதினோரு வருடங்களாக அவர் அதை எடுத்துக்கொண்டிருந்தார். பி.டி. டீச்சர் முதல் வருடம் சண்டை போட்டார். இரண்டாம் வருடம் தலைமையாசிரியரிடம் போய்ப் பார்த்தார். மூன்றாம் வருடத்திலிருந்து சாமான் அறையில் உட்கார்ந்து, யாரும் உதைக்காத பந்துகளுக்குக் காற்றடித்தார். பிள்ளைகள் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்தார்கள். வேலையில்லாத டீச்சர் எதற்கு என்று, ஓட்டம் தொடங்கிய அந்த வருடத்தோடு அவரை நிறுத்திவிடவும் நிர்வாகம் தீர்மானித்திருந்தது.

வரவழைக்கப்பட்ட டாக்டர், ஸ்டெதாஸ்கோப்பை வாத்தியார் மார்பில் வைத்துக்கொண்டே இரண்டு சுற்று கூட ஓடிப் பார்த்தார். பிறகு மரத்தடியில் சாய்ந்து, நோயாளி தன்னைவிட நன்றாக இருப்பதாகச் சொன்னார். வாத்தியாரின் மனைவி டிபன் கேரியரோடு எதிர்த்திசையில் நடந்து, சந்திக்கும் இடத்தில் சுற்றுக்கு ஒரு வாய் ஊட்டினார். "இருபது வருஷமா சாயங்காலம் நடக்கத்தானே கூப்பிட்டேன். இதுக்கு அப்பவே வந்திருக்கலாம்" என்று ஏழாவது வாயின்போது சொன்னார். மூன்றாம் நாள் அவரும் கேலியை நிறுத்திவிட்டார். வாத்தியாரின் கால் நகங்கள் கறுத்திருந்தன. ஓடிக்கொண்டே தூங்கினார், தூக்கத்தில் அழுதார்.

அன்றுதான் பி.டி. டீச்சர் சாமான் அறையை விட்டு வெளியே வந்தார். சிறிது நேரம் அந்தக் கால்களையே கவனித்தார். அவை ஒரே மாதிரி ஓடவில்லை. ஒரு சுற்று குதித்துக் குதித்து ஓடின, அடுத்த சுற்று பாதத்தை உள்பக்கம் மடித்து ஓடின. வருடத் தொடக்கத்தில் எப்போதும் இரண்டு வாரம் மட்டும் பிள்ளைகள் அவர் கைக்குக் கிடைப்பார்கள். அதற்குள் ஒவ்வொருவரின் ஓட்டமும் அவருக்கு மனப்பாடமாகிவிடும். வாத்தியாரின் பக்கத்தில் ஓடியபடி மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

"சார், இது உங்க ஓட்டம் இல்ல. பிள்ளைங்க ஓடாம விட்டது."

வாத்தியார் அரைச் சுற்று குனிந்து தன் கால்களையே பார்த்தபடி போனார். பிறகு, "என் தப்புதான் டீச்சர். அவங்களையே வந்து எடுத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

டீச்சர் ஒரு முழுச் சுற்று யோசித்தார். பதினோரு வருடம் அல்லவா. அதன் பிறகு விசில் ஊதினார்.

எட்டாம் வகுப்பு வந்து வரிசையில் நின்றது. டீச்சர் அவர்களை உடனே ஓடவிடவில்லை. கை கால்களை நீட்டி மடக்கச் சொன்னார், மூச்சை மூக்கால் இழுக்கப் பழக்கினார், தங்கள் நாடியைத் தாங்களே எண்ணச் சொன்னார். சீக்கிரம் என்று வாத்தியார் கெஞ்சியபடி கடந்து போனார். "உடம்பு சூடாகாம ஓடவிட மாட்டேன் சார். சிலபஸ்ல இருக்கு" என்றார் டீச்சர். முதலில் இறங்கியவள் குண்டூசி என்று பெயரெடுத்த ஒல்லிப் பெண். வாத்தியாரோடு நான்கு சுற்று ஓடினாள். அவர் கால்களிலிருந்து அந்தக் குதிப்பு கழன்று அவளிடம் போய்ச் சேர்ந்தது. மாலைக்குள் வகுப்பு முழுவதும் தன் பங்கை வாங்கிக்கொண்டது. கால்கள் ஐந்து மணி நேரம் நின்றன. வாத்தியார் மைதானத்திலேயே படுத்துத் தூங்கினார்.

மீதி, பழைய மாணவர்களுடையது. ஆறு வாரங்கள் அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பேங்க் கேஷியர் தொப்பையோடு வந்து இரண்டு தவணையில் ஓடினார். பஸ் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே ஓடினார். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு தன் பங்கை நடந்தே தீர்த்தாள். நிர்வாகியின் மகளும் பழைய மாணவிதான். அவள் ஓடிவிட்டுப் போன மறுநாள், டீச்சரை நிறுத்தும் கடிதம் எந்த மேஜையிலும் இல்லை.

கடைசியில் ஒரே ஒருவனின் ஓட்டம் மட்டும் மிச்சமிருந்தது. அவன் கடல் கடந்து வேலையில் இருந்தான். அந்த ஓட்டம் புதன்கிழமை மூன்றாம் பீரியடில் மட்டும் வரும்; பன்னிரண்டு சுற்றில் அடங்கும். விஷயம் கேள்விப்பட்டவன், லீவு போட்டுவிட்டு வருவதாக எழுதினான். அதற்குள் வாத்தியாருக்குச் சர்க்கரை இறங்கி, பெல்ட் இரண்டு துளை உள்ளே போயிருந்தது. சாமான் அறைக்குப் போய், யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அவனுக்கு போன் போட்டார்.

"லீவெல்லாம் வேண்டாம்ப்பா. உன் ஓட்டம் எங்கிட்ட பத்திரமா இருக்கு. நீ அங்கேயே இரு."

அவன் வரவில்லை. புதன்கிழமைகளில் வாத்தியார் எட்டாம் வகுப்பின் வரிசைக் கடைசியில் நின்று கை கால்களை நீட்டி மடக்குகிறார், பிறகு கால்கள் அவரைக் கொண்டுபோகின்றன. பன்னிரண்டாவது சுற்றில் அவை நின்றதும் டீச்சர் நாடி பார்த்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி, நான்காம் பீரியடுக்கு அனுப்பிவைக்கிறார்.