ஜெயச்சந்திரனின் உறக்கம்

ஜெயச்சந்திரன் கண்ணை மூடினால் பேத்துப்பாறையில் ஒரு செல்போனும் பேசாது. விழித்துக்கொண்டால் எல்லாப் போனிலும் சிக்னல் முழுசாக நிற்கும். அவர் ஊர் திரும்பிய முதல் வாரத்திலேயே இது தெரிந்துபோயிற்று. மண்டிக்காரரிடம் பீன்ஸ் விலை பேசிக்கொண்டிருந்த ஆண்டிச்சாமி, பேச்சு பாதியில் அறுந்ததும் போனைத் தட்டினார், வெயிலில் காட்டினார், கடைசியில் எட்டிப் பார்த்தால் பக்கத்து வாசலில் ஜெயச்சந்திரன் நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்தார். யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. டவர் வைக்கிறோம் என்று தேர்தலுக்குத் தேர்தல் சொல்லிவிட்டுப் போனவர்களுக்கு இவர் எவ்வளவோ தேவலை என்றார்கள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கப்பலேறிப் பேத்துப்பாறைக்கு வந்த குடும்பம் அவருடையது. அங்கேயே தங்கிவிட்ட தன் தம்பி உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலே அப்பா நல்லையா போய்ச் சேர்ந்தார். மகன் அதை மறக்கவில்லை. கொடைக்கானல் ரேடியோ ரிப்பேர் கடையில் தொடங்கி, வளைகுடாவில் டெலிபோன் கம்பி இழுத்து, பிறகு கம்பியே போகாத ஆப்பிரிக்க ஊர்களில் டவர் நட்டு, நாட்டுக்கு நாடு கம்பெனி வைத்தார். கோடிகள் வந்தன. எல்லாவற்றையும் விற்று, சண்டைக்குத் தப்பி வந்தவர்கள் கிடக்கும் முகாம்களில் காசில்லாமல் பேச வழி செய்தார். பிள்ளைகள் உயிரோடிருப்பதைக் குரலில் கேட்டு எத்தனையோ தாய்மார் அழுதார்கள். ஆனால் ஏதாவதொரு நாட்டில் எப்போதும் பகலாயிருந்தது. அவர் போன் ஓயவேயில்லை. கல்யாணத்துக்கும் நேரமில்லை. அறுபது தாண்டித் தங்கை விஜயராணி வீட்டுக்கு வந்தவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ராணி, நா தூங்கணும்மா."

ஊர் விட்டால்தானே. பேத்துப்பாறைப் பிள்ளைகள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். பொழுதுசாய ஒரே ஒரு ரிங் விட்டு வெட்டுவார்கள். சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம். அது வந்த பிறகுதான் தாய்மார் தட்டில் சோறு போடுவார்கள். முன்பெல்லாம் மேட்டுப்பாறையில் ஏறி நின்றால் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். இவர் வந்த பிறகு, இவர் தூங்கினால் அங்கும் கிடைக்காது என்றாயிற்று. ஆகவே சாயங்காலமானால் பெண்கள் சுக்குக் காப்பியோடு வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "சித்த முழிச்சிருங்கய்யா, வெரசா அடிச்சிருவான் எம்மவன்," என்பார்கள். அவரும் இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் விஜயராணிக்குப் பொறுக்கவில்லை. "ஊரு ஒலகத்துக்கெல்லாம் முழிச்சது பத்தாதா? போங்கடி அங்கிட்டு!" என்று கதவைச் சாத்தினாள். ஜெயச்சந்திரன் நாள் கணக்கில் தூங்கினார். எழுந்தபோது பக்கத்து வீட்டுச் சண்முகவள்ளி மூடிவைத்த சோற்றுப் பானைக்கு முன்னால் சுருண்டு கிடந்தாள். ரிங் வரவில்லை, அவள் சாப்பிடவில்லை. ரிங் போகவில்லை, அம்மா பட்டினியாகத்தான் இருப்பாள் என்று சிங்கப்பூரில் மகன் அஜயும் சாப்பிடாமல் வேலைத்தளத்தில் மயங்கி விழுந்திருந்தான். ஜெயச்சந்திரன் கோபப்படவில்லை, அலுத்துப்போனவருக்கு அதற்கும் தெம்பு வேண்டும். அன்றிலிருந்து கடைசி ரிங் வரும்வரை சாயங்காலத்தில் அவர் கண்ணயரவில்லை. அப்படியே சில வருஷங்கள் போயின.

மிளகு பறிக்கும் காலத்தில் ஒரு மத்தியானம் அவர் செத்துப்போனார். அவருக்காக அழுத பெண்கள் போனுக்காகவும் சேர்த்து அழுதார்கள். ஆனால் குழியில் மண்ணைத் தள்ளி முடித்த சாயங்காலம், இடுகாட்டில் நின்ற ஒவ்வொருவர் மடியிலும் ஒரு ரிங் அடித்து ஓய்ந்தது. எல்லாப் போனிலும் சிக்னல் முழுசாக நின்றது. பெண்கள் கும்பிட்டார்கள். விஜயராணி மட்டும் மண்ணில் விழுந்து புரண்டாள். "செத்தும் முழிச்சுக் கெடக்காரேடி எங்கண்ணன்! இனி எப்படிடீ தூங்குவாரு?"

சண்முகவள்ளிதான் முதலில் தன் போனை அணைத்தாள். ஒவ்வொருத்தியாக மற்றவர்களும் அணைத்தார்கள். அது வெள்ளிக்கிழமை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பேத்துப்பாறையில் எல்லாரும் போனை அணைத்து வைக்கிறார்கள். அன்றைக்குத் தாய்மார் ரிங்குக்குக் காத்திராமல் தாங்களே போட்டுச் சாப்பிடுகிறார்கள். கூப்பிட்டால் ஏன் கிடைக்கவில்லை என்று வெளியூர்க்காரர் மறுநாள் கேட்டால், "நேத்து ஐயா தூங்குனாருங்க" என்கிறார்கள்.