துணிப்பைக்குள் கை

ஸ்பூன் என்றுதான் சொன்னார், சந்தேகமே இல்லை, கதவுக் கண்ணாடி வழியாக உதடு குவிவது தெரிந்தது, சத்தமும் லேசாகக் காதில் விழுந்தது, நேற்றுச் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் இந்த ஒரு சொல்லுக்காகத்தானே தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாள், படத்தைக் காட்டி, எழுத்தைக் காட்டி, ஸ்... ஸ்... என்று எடுத்துக்கூடக் கொடுத்து, அப்போதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு இங்கே மட்டும் எப்படி வருகிறது? சிகிச்சை மையத்தின் நடைவழியில், ஒரு கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். உள்ளே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு துணிப்பையை நீட்டுகிறாள், அவள் புருஷன் இடது கையை அதற்குள் விட்டுத் துழாவுகிறார், பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை மடியில் சும்மா கிடக்கிறது, பேச்சும் அதோடு போயிற்று, இப்போது கண்ணை மூடிக்கொள்கிறார், முகத்தில் அந்தப் பழைய கவனம், லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தபோது இருட்டுக் குழிக்குள் நின்று, தலைக்கு மேலே கையை விட்டு, பார்க்காமலே நட்டைத் திருகுவாரே, அந்த முகம். சீப்பு. சாவி. சோப்பு. பொருள் பையை விட்டு வெளியே வருவதற்குள் சொல் வந்துவிடுகிறது.

சந்தோஷம்தானே வரவேண்டும், கும்பிடாத குறையாக ஓடிப்போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஏன் முகம் சுடுகிறது... வீட்டில் கதவுக்குக் கதவு சீட்டு ஒட்டி வைத்திருக்கிறாளே, கதவு, நாற்காலி, குழாய், கண்ணாடி, எல்லாம் அவள் கையால், பெரிய எழுத்தில், முத்து முத்தாக, வீடே பொருட்காட்சி மாதிரி ஆகிவிட்டது, அவர் ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட்டார், அவள் மறுபடி ஒட்டினாள், திமிர் என்று நினைத்தாள், திமிர் இல்லாமல் என்ன, என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லவும் சொன்னாள். குழாயில் ஒட்டிய சீட்டைப் பிய்த்துவிட்டு அவர் குழாயையே வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவள்தானே, தண்ணீர் வீணாகிறது என்று மூடிவிட்டுப் போனாளே, கொஞ்சம் பொறுத்திருந்தால் குழாய் என்று சொல்லியிருப்பாரோ? அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கூட நடைவழியில் ஒரு வரைபடம் தொங்குகிறது, ஒரு பிள்ளை பார்த்துக் கற்கும், ஒரு பிள்ளை கேட்டுக் கற்கும், ஒரு பிள்ளை தொட்டுச் செய்து கற்கும், கண்ணும் காதும் கையும் வரைந்து வண்ணம் தீட்டியது யார், இவள்தான், புதிதாக வந்த ஆசிரியைகளைக் கூட்டி வைத்து, பிள்ளை கத்துக்கலைன்னா நம்ம சொல்லித்தர்ற விதத்தைத்தான் மாத்தணும் என்று வாய் கிழியப் பேசியதும் இவள்தான், எல்லாரும் கைதட்டினார்கள். கையைத்தான் எவ்வளவு அழகாக வரைந்திருந்தாள்.

இது இன்றைக்கு நேற்றைக்கு வந்த வியாதியா என்ன... கல்யாணமான புதிதில் அவர் மேற்பார்வையாளர் பரீட்சைக்குப் படித்தார், படிக்க வைத்தாள் என்பதுதான் சரி, புத்தகத்தின் முன் உட்காரவைத்து, அடிக்கோடு போட்டு, ஒப்பிக்கச் சொல்லி, அவர் பழைய மோட்டார் ஒன்றைத் தூக்கிவந்து கூடத்தில் பிரித்துப் போட்டபோது, படிக்கச் சொன்னா வெளையாட்டு என்று வாசலுக்குத் தள்ளினாள், பரீட்சை ஊற்றிக்கொண்டது. அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாள், இவருக்கு மண்டையில ஏறாதுண்ணா, விடு. அவரும் சேர்ந்து சிரித்தார், அதுதான் இப்போது தாங்கவில்லை, டீச்சரம்மாவே சொல்லிட்டாங்க, அப்புறம் அப்பீல் ஏது என்று அவரே எடுத்துக்கொடுத்துச் சிரித்தார். டீச்சரம்மா. பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, குடை எங்க டீச்சரம்மா, பசிக்குது டீச்சரம்மா, நக்கலும் செல்லமும் சரிபாதியாக, விழுந்த நாளிலிருந்து அந்த ஒரு சொல் வரவில்லை, வேறு எந்தச் சொல் வராவிட்டாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்திருக்கிறாள், வெட்கம்கெட்ட ஆசை.

நேற்றும் அப்படித்தான்... படத்தைப் பிடித்துக்கொண்டு இது என்ன, இது என்ன என்று அவள் கேட்க, அவர் கை மெல்ல மேசைமேல் நகர்ந்து தட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்பூனை எடுக்கப் போனது, அவள் பளாரென்று அந்தக் கையிலேயே ஒரு அடி வைத்தாள், முதல்ல பேரு, அப்புறந்தான் சாப்பாடு. அடி என்றால் பலமாக இல்லை, வகுப்பில் பிள்ளைகளுக்கு வைப்பது போல, அதற்குமேல் இல்லை, இல்லை, அதைவிடக் கொஞ்சம் அதிகம்தான், பொய் எதற்கு. அவர் சாப்பிடவா போனார்? பெயர் சொல்லத்தான் எடுக்கப் போனார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லப் போன கையை அடித்திருக்கிறாள், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கதவு திறந்தது. உள்ள வாங்கக்கா, அண்ணன் இன்னிக்கு ஜமாய்க்கிறாரு, என்றாள் அந்தப் பெண், கையில குடுத்தா போன வாரத்துலேர்ந்தே வருதே, வீட்ல பண்ணிக் காட்டலையா? அவள் தலையை ஆட்டினாள், ஆமென்றும் இல்லையென்றும் எடுத்துக்கொள்ளும்படி, முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அண்ணா, இது யாருண்ணா? அவர் பார்த்தார், வாய் திறந்தது, மூடியது, இடது கை மடியில் விரிந்து சுருங்கியது, பைக்குள் விடுவதற்கு முன் செய்ததைப் போலவே. உங்க கையைக் குடுங்கக்கா, பார்க்காம, கண்ணை மூடிக்கிட்டு சொல்லட்டும். எந்தக் கையை... இதையா, இதே கையையா, வேறு கை ஏது. நீட்டினாள். அவர் கண்ணை மூடி உள்ளங்கையைத் தடவினார், சுண்ணக்கட்டி பிடித்துக் காய்த்த விரலில் அவருடைய கட்டைவிரல் நின்றது, அவள் மனசுக்குள் கெஞ்சினாள், டீச்சரம்மான்னு சொல்லுங்க, ஒரே ஒரு தடவை...

"அடிக்காத," என்றார் அவர், தெளிவாக.

அந்தப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை, அக்கா, இது புதுசு, வெறும் பொருள் பேரு இல்ல, எங்கேர்ந்து பிடிச்சாரு பாருங்க, யாரும் சொல்லித்தரவே இல்லையே என்று சிரிக்கிறாள். சொல்லித்தந்தவள் தரையைப் பார்த்தாள். ஒரே தடவையில் ஏறியிருக்கிறது. கையை இழுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தாள், முடியவில்லை, அவர் கண் இன்னும் மூடித்தான் இருந்தது, விரல்கள் அவள் கையை விடாமல் பிடித்திருந்தன, தள்ளுவதற்கா, வைத்துக்கொள்வதற்கா... அந்தப் பிடியைப் படிக்க அவளுக்குத் தெரியவில்லை.