துக்க வீட்டில் சொன்ன வார்த்தை

பியூலா ரங்கூனில் பிறந்து வளர்ந்தவள். அறுபத்து நாலில் கப்பலில் வந்து இறங்கிய குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. இரண்டு வருஷம் கழித்து இரும்புலியூர் எட்மண்டுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். எட்மண்ட் ரயில்வே ஆபீஸில் கிளார்க். அவன் அம்மா ஞானசௌந்தரி தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

பியூலாவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். இங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. வந்த புதிதில் கிணற்றடியிலிருந்து, "எட்மண்ட், துண்டை எடுத்துட்டு வா" என்று புருஷனைக் கூப்பிட்டாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இன்னொரு நாள், வீட்டுக்கு வந்த பாஸ்டருக்கு இடது கையால் தண்ணீர் நீட்டினாள். ஞானசௌந்தரி திட்டுகிற ரகம் இல்லை. அவள் முகம் இறுகும், பேச்சு நின்றுபோகும். என்ன தப்பு செய்தோம் என்று பியூலா தானாகத்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு முறைதான் மாமியார் வாய்விட்டுச் சொன்னாள். கடைக்குக் கிளம்பும்போது பியூலா, "நான் போறேன் அத்தை" என்றாள்.

"போறேன்னு சொல்லக் கூடாது. போயிட்டு வரேன்னு சொல்லணும். எந்த வீட்டை விட்டுக் கிளம்பினாலும் அப்படித்தான்."

பியூலா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மற்ற விஷயங்களைச் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தவள் பக்கத்து வீட்டுப் பட்டு. அவள் புருஷன் ராஜாராமன் கோட்டையில் அரசாங்க வேலை பார்த்தார். பட்டு காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏண்டி, விளக்கு வெச்சப்புறம் ஊசி கேக்கறியே, ரங்கூன்ல இதெல்லாம் கிடையாதா?" என்பாள். அவள் சொன்னால் பியூலாவுக்கு வலிக்காது.

அறுபத்து ஏழு ஐப்பசியில் பட்டுவின் மாமியார் அபிதகுஜாம்பாள் இறந்துபோனாள். பட்டுவுக்கு அப்போது ஏழாம் மாதம். காலெல்லாம் வீங்கியிருந்தது. பியூலா மாமியாரோடு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுகிறவளிடம் என்ன பேசுவது என்று தெரியாததால் பேசவில்லை.

ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு போனபின் ஞானசௌந்தரி எழுந்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வாசலைத் தாண்டி நடந்தாள். துக்கத்தில் அத்தை மரியாதையை மறந்துவிட்டாள் என்று பியூலா நினைத்தாள். தானாவது சரியாகச் செய்யலாம் என்று நிலைப்படியில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அக்கா, போயிட்டு வரேன்."

கூடத்தில் அழுகை சட்டென்று நின்றது. ராஜாராமனின் சித்தி தலையை நிமிர்த்தினாள். "எதுக்கு வரணும்? இதே மாதிரி இன்னொரு தரம் இந்தாத்துக்கு வரணுமா?"

"அவளுக்குத் தெரியாது சித்தி" என்று பட்டு மெதுவாகச் சொன்னாள். தலையை நிமிர்த்தவில்லை.

வீட்டுக்கு வந்தபின் எட்மண்ட்தான் விளக்கினான். சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது, எழுந்து வந்துவிட வேண்டும். "இதுகூடவா தெரியாது? பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே" என்றான். ஞானசௌந்தரி குளித்துவிட்டு ஈரத்தலையோடு நின்றாள். எந்த வீட்டை விட்டுக் கிளம்பினாலும் என்று சொன்னது அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போனாள்.

மூன்று வாரம் கழித்து பட்டுவுக்குக் குறைமாதத்தில் வலி எடுத்தது. குழந்தை பிறந்து அன்றைக்கே இறந்துவிட்டது. சித்தி அவர்கள் வீட்டுப் பின்கட்டில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது பியூலாவின் அடுப்படி வரை கேட்டது. "அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு வரேன்னு சொல்லித்தே. வந்துடுத்து பாரு."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நாம இதையெல்லாம் நம்பறவங்களா?" என்றான் எட்மண்ட். பியூலாவும் தலையாட்டினாள். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பக்கச் சுவரை ஒட்டித் துணி காயப்போடுவதை நிறுத்தினாள். பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு ஒரு நாள் சுவரோரம் வந்து வெகுநேரம் நின்றாள். அரிசி களைந்த தண்ணீரில் கையை வைத்தபடி பியூலா ஜன்னலுக்குப் பின்னால் அசையாமல் நின்றாள்.

ஞானசௌந்தரி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "நீயும் ஒரு எட்டுப் போயிருக்கலாம்."

"என்ன பேசறதுன்னு தெரியலை அத்தை."

"பேசவே வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்துட்டு வா."

நாளைக்குப் போகலாம் என்று நினைத்தாள். அப்படியே கார்த்திகை போய் மார்கழியும் போனது. நாளாக ஆக, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

தை மாதம் தாம்பரம் ஸ்டேஷனில் இருவரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். பியூலா பல்லாவரத்தில் தையல் கிளாஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பட்டு மாம்பலத்தில் அம்மா வீட்டுக்கு. இரண்டு பேருக்கும் ஒரே வண்டிதான். தோள் எலும்பு தெரிய இளைத்திருந்தாள்.

"சௌக்யமா?" என்றாள் பட்டு.

பியூலா மனசுக்குள் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. "அக்கா, அன்னிக்கு வாசல்ல நான் சொன்னது… எனக்குத் தெரியாது அக்கா. வேணும்னு சொல்லலை. அதனாலதான் குழந்தை…"

பட்டுவுக்குச் சற்று நேரம் புரியவில்லை. "ஓ, அதுவா. அதையா இத்தனை நாள் நெனச்சிண்டிருந்தே? எனக்கு பிளட் பிரஷர் ஜாஸ்தின்னு டாக்டரம்மா முன்னாடியே சொல்லியாச்சு." கையிலிருந்த பையை மாற்றிப் பிடித்தாள். "தெருவே வந்து பார்த்தது. எனக்கு யார்கிட்டயும் பேசப் பிடிக்கலை. நீ வருவே, முன்ன மாதிரி பக்கத்துல உட்காருவேன்னு பார்த்திண்டிருந்தேன். நீ வரவே இல்லை."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகத்தான் சொன்னாள். பியூலாவுக்குக் காது மடலெல்லாம் சுட்டது. இத்தனை மாதமாக அவள் வெட்கப்பட்டது வேறொன்றுக்காக. இதற்காக வெட்கப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மின்சார ரயில் வந்து நின்றது. பியூலா பட்டுவின் பையை வாங்கிக்கொண்டு லேடீஸ் கம்பார்ட்மெண்டில் கூடவே ஏறி ஸீட்டில் வைத்தாள். பட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் வைத்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒருத்தி உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. பட்டு அந்த இடத்தைப் பார்த்தாள், பிறகு பியூலாவைப் பார்த்தாள்.

"நீங்க போங்க அக்கா. ஒருத்தங்க வரணும். நான் அடுத்த வண்டியில வரேன்" என்று பியூலா பொய் சொன்னாள்.

"சரி" என்றாள் பட்டு.

பியூலா இறங்கிவிட்டாள். ரயில் கிளம்பும்போது அவள் பட்டுவின் ஜன்னலைப் பார்க்கவில்லை. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, யாருக்கோ காத்திருப்பவள் மாதிரி படிக்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.