ஹதனகாவின் வெற்றுப் பட்டியல்

ஒரு ஆள்கூடச் சாகாமல் ‘சாம்பல் கொடி’யை முடிக்க முடியாது. முடித்தேன் என்று எவராவது சொன்னால் புளுகுகிறார், இல்லையென்றால் ரீசெட் பொத்தானை அமுக்கியிருக்கிறார். ஆறு வருடமாக இந்த வகை வீடியோ கேம்களை ஒப்பிட்டுப் புத்தகம் போடுகிறவள் சொல்கிறேன்.

புத்தகம் என்றால் பெரிய பதிப்பகமெல்லாம் இல்லை. நாங்கள் மூன்று பேர். என் பெயர் இஸோகாய், நகோயாவில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். ஹதனகா, லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்டர். அட்டைப்படம் வரையும் ஷிராய்ஷி அதே கம்பெனியில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். ஆகஸ்டில் டோக்கியோவில் நடக்கும் சந்தையில் ஒரு மேசை பிடித்து, நாங்களே எழுதிய புத்தகத்தை விற்போம். கட்டம் போட்ட களத்தில் ஒவ்வொரு ஆளாகப் படையை நகர்த்துகிற கேம்கள் மட்டும்தான். எங்களுக்கென்று ஒரு விதி உண்டு. ஆள் செத்தால் செத்ததுதான். ரீசெட் அமுக்கிப் பழைய இடத்துக்குத் திரும்பக் கூடாது. யார் எந்த அத்தியாயத்தில் விழுந்தார்கள் என்ற பட்டியல் கடைசிப் பக்கத்தில் வரும். வாங்குகிறவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பார்கள்.

1999 கோடையில் ‘சாம்பல் கொடி’யையும் ‘மணிக்கூண்டுப் படை’யையும் எடுத்தோம். இரண்டையும் நானும் ஹதனகாவும் தனித்தனியாக ஆடி எழுதுவது என்று ஏற்பாடு. மணிக்கூண்டு தாராளமான கேம். யாருக்கு வேகம் அதிகமோ அவர் முதலில் நகர்வார். கூரைமேல் ஏறி நின்றால் வில் இன்னும் தூரம் பாயும். விழுந்தவர் பக்கத்தில் மூன்று சுற்றுக்குள் நம் ஆள் போய்ச் சேர்ந்தால் எழுந்துவிடுவார். சாம்பல் கொடியில் அந்தச் செல்லமெல்லாம் கிடையாது. நம் படை முழுக்க நகர்ந்த பிறகு எதிரிப் படை முழுக்க நகரும். நாம் செய்த தப்பு ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணி அடிப்பார்கள். விழுந்தவர் திரும்ப வரமாட்டார்.

இதற்கு நடுவில் ஜூன் ஆறாம் தேதி ஷிராய்ஷி ஃபோன் செய்தாள்.

“அக்கா, ஹதனகா சானுக்கு அக்டோபர்ல அகிதாவுக்கு மாத்தல். உங்ககிட்ட சொன்னாரா?”

“இல்லையே.”

“சொல்லாமலா இருப்பாரு? சொல்லுவாரு, சொல்லுவாரு.”

சொல்லவில்லை. ஜூன் போனது, ஜூலையும் பாதி போனது. எனக்கு அவரை நான்கு வருடமாகப் பிடிக்கும். அவருக்கும் என்னைப் பிடிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அகிதா இருப்பது வடக்கே வெகு தூரத்தில். ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் அங்கே போய்விட்டால் புத்தகமும் முடிந்தது, என் காத்திருப்பும் முடிந்தது. நானாகப் போய்க் கேட்பதில்லை என்று வீம்பாக இருந்தேன். என் வீம்பு ஊரறிந்தது.

திங்கட்கிழமை மதியம் அச்சகத்தில் கொடுக்க வேண்டும். ஞாயிறு காலை வழக்கமான காபிக் கடையில் சந்தித்தோம். ஒரு காபி சொன்னால் டோஸ்ட்டும் அவித்த முட்டையும் கூடவே வரும். அவர் முட்டையை உரித்து முடிப்பதற்குள் நான் அவருடைய கையெழுத்துப் பிரதியைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டேன். மணிக்கூண்டுப் பட்டியலில் ஒன்பது பெயர்கள். சாம்பல் கொடியின் கீழே ஒன்றுமே இல்லை.

“என்ன இது? எழுத மறந்துட்டீங்களா?”

“இல்லையே. யாரும் சாகல.”

“பதினாலாவது அத்தியாயத்துப் பாலத்துல கூடவா? பின்னாடியிலிருந்து குதிரைப்படை வருமே! அங்க மட்டும் எனக்கு நாலு பேர் போனாங்க.”

“ஒருத்தரும் போகல.”

“ஹதனகா சான், ரீசெட் அமுக்கினீங்களா? உண்மையைச் சொல்லிடுங்க.”

அவர் முகம் சிவந்தது. “விதி போட்டவனே நான்தான். ஒரு தடவைகூட அமுக்கல. வேணும்னா வீட்டுக்கு வாங்க, காட்டுறேன். கடைசி அத்தியாயம் மட்டும் இன்னிக்கு ராத்திரி ஆடணும், அதுக்கு முன்னாடி சேமிச்சது அப்படியே இருக்கு.”

இரண்டு தெரு தள்ளி அவர் அறை. நடக்கும்போதே பிரதியை மறுபடி புரட்டினேன். பாலத்தைக் கடக்க அவருக்கு அறுபத்தியொரு சுற்று ஆகியிருந்தது. எனக்கு ஆனது பதினான்கு. அப்படி என்னதான் செய்தார் என்று மண்டை குடைந்தது.

அறையில் மின்விசிறி ஓடியது. குளிர்ந்த பார்லி டீயை என் முன்னால் வைத்துவிட்டு டிவியைப் போட்டார். படைப் பட்டியல் திரையில் வந்தது. முப்பத்திநான்கு பேரும் உயிரோடு இருந்தார்கள். இளவரசர் உச்ச லெவலில் இருந்தார். ஆரம்பத்திலேயே கூட வரும் கிழத் தளபதியும் அப்படியே. மீதி முப்பத்திரண்டு பேரும் வந்து சேர்ந்த அன்று எப்படி இருந்தார்களோ அப்படியே, புதுத் துணி மடிப்புக் கலையாமல்.

“இவங்க யாருமே சண்டைக்குப் போகலையா?”

“முகாம்ல இருந்தாங்க.”

“எல்லா அத்தியாயத்துலயுமா?”

“பாலம் ஒரு கட்டம் அகலம்தானே. இளவரசரையும் தளபதியையும் முதுகோட முதுகு ஒட்டி நிறுத்திட்டேன். கொஞ்சம் நேரமாச்சு, அவ்வளவுதான்.”

எனக்கு உடனே அவருடைய லைசென்ஸ் ஞாபகம் வந்தது. தங்கக் கோடு போட்ட லைசென்ஸ். ஐந்து வருடம் ஒரு தப்பும் செய்யாமல் ஓட்டினால் தருவார்கள். பதினொரு வருடமாக ஸ்டியரிங்கைத் தொடாத இவரைப் போன்றவருக்கும் தருவார்கள். அப்படிப்பட்ட தங்கங்கள் என்னிடம் பாடம் கேட்க வருவதுண்டு. பெரிய சாலையில் சேரும் இடத்தில் நிறுத்திவிட்டு, ஒரு லாரியும் வராத நேரத்துக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கேமுக்காக மட்டும் வந்த கோபம் இல்லை.

“இதுக்குப் பேரு ஆடுறதா? மணிக்கூண்டுல பன்னிரண்டு பேரையும் இறக்கிவிட்டு வெளுத்துக்கட்டியிருக்கீங்க!”

“அங்க விழுந்தாலும் எழுப்ப வழி இருக்கு.”

“அப்போ எதை வெச்சு ஒப்பிட்டீங்க? ஒண்ணை ஆடியிருக்கீங்க, இன்னொண்ணுக்குக் காவல் காத்திருக்கீங்க. இந்தப் பக்கத்தை அச்சுக்குக் கொடுக்க மாட்டேன்.”

“திரும்ப ஆட நேரமில்லையே, இஸோகாய் சான்.”

“கடைசி அத்தியாயம் பாக்கி இருக்குல்ல? ஒருத்தரை இறக்குங்க. ஒரே ஒருத்தர் போதும்.”

“லெவல் ஒண்ணுல இருக்காங்க. நிச்சயம் செத்துடுவாங்க.”

“ஆமா.”

அவர் பட்டியலில் மேலும் கீழுமாக வெகுநேரம் அலைந்தார். கடைசியில் ஈட்டி வைத்திருந்த ஒரு பெண்ணின் மேல் நின்றார். இல்ஸா என்று பெயர். என் படையிலும் இருந்திருக்க வேண்டும். எனக்கு நினைவில்லை.

“ரொட்டி சுடுறவரோட பொண்ணு,” என்றார் ஹதனகா. “மூணாவது அத்தியாயத்துல தானா வந்து சேர்ந்தா. ஒவ்வொரு தடவை முகாம்ல பேசும்போதும், ‘என்னை எப்போ கூட்டிட்டுப் போவீங்க?’ன்னு கேப்பா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பதில் சொல்ற வசதி அந்த கேம்ல இல்லை.”

இல்ஸாவைத் தளபதிக்குப் பின்னால் நிறுத்தினார். தளபதி ஒரு வில்லாளியை அடித்து உயிர் ஊசலாட விட்டார். ஹதனகா என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன். இல்ஸா முன்னால் போய்க் குத்தினாள். வில்லாளி விழுந்தான், அவளுக்கு லெவல் இரண்டு ஆனது. “பாத்தீங்களா! பாத்தீங்களா!” என்று ஹதனகா என் தோளைத் தட்டிவிட்டார். ஆறு வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அடுத்து எதிரிகளின் முறை. கோடாரிக்காரன் ஒருவன் வந்தான். ஒரே அடிதான். ‘ரொட்டி அடுப்புல இருக்கு. யாராவது பாத்துக்கோங்க,’ என்று திரையில் எழுத்து ஓடியது. இல்ஸா மறைந்தாள்.

அவர் கை ரீசெட் பொத்தானின்மேல் போய் நின்றது. அமுக்குங்கள், நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சொல்ல எனக்கே வாய் துடித்தது. சொல்லவில்லை. மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பி அந்தப் பக்கம் போனது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அக்டோபர்ல எனக்கு அகிதாவுக்கு மாத்தல்,” என்றார் திரையைப் பார்த்தபடி.

“தெரியும்.”

“எப்போலேர்ந்து?”

“ஜூன் ஆறாம் தேதிலேர்ந்து. உங்க வாயால வரட்டும்னு இருந்தேன்.”

“சொன்னா, ‘சரி, போயிட்டு வாங்க’ன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். சொல்லாத வரைக்கும் நீங்க அப்படிச் சொல்ல முடியாதுல்ல.”

இப்படியும் ஒரு மனிதர் உண்டா என்று இருந்தது. அழுகை வந்தது, கோபமும் வந்தது. “நாலு வருஷமா நான் முகாம்லயே உக்காந்திருக்கேன், ஹதனகா சான்,” என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பி, கால்களை மடக்கி நேராக உட்கார்ந்தார்.

“என்கூட அகிதாவுக்கு வர்றீங்களா?”

“வர்றேன். டிரைவிங் ஸ்கூல் அங்கேயும் இருக்கும். ஆனா அங்க பனி கொட்டும், கார் இல்லாம ஒண்ணும் நடக்காது. நீங்க ஓட்டணும். நாளைக்கு அச்சகத்துக்கே நீங்கதான் ஓட்டறீங்க.”

“நாளைக்கேவா?”

“நாளைக்கேதான்.”

அவர் விளையாட்டை முடித்தார். இளவரசர் வென்றார், அதை நாங்கள் இரண்டு பேரும் சரியாகப் பார்க்கவில்லை. பிறகு பேனாவை எடுத்து வெற்றுப் பட்டியலில் எழுதினார்: ‘கடைசி அத்தியாயம். இல்ஸா. ரொட்டி சுடுகிறவரின் மகள். ஒரு வில்லாளியை வீழ்த்தினாள்.’

என் சாம்பல் கொடிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பதினொரு பெயர்கள், பதினொரு அத்தியாய எண்கள். ஒருவரைப் பற்றியும் அதற்குமேல் எழுத என்னிடம் எதுவும் இல்லை. முகாமில் அவர்கள் பேசுவதையெல்லாம் நான் பொத்தானை அழுத்தித் தாண்டிப் போயிருந்தேன். பதினான்கு சுற்றில் பாலத்தைக் கடந்தவள் என்ற பெருமை கொஞ்சம் கசந்தது. பேனாவை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

“இந்த முதல் ஆள், பெர்ன்ட். இவன் யாரு?”

“பெர்ன்ட்டா? பாவம், நல்ல பையன். குதிரைன்னா அவனுக்கு அப்படி ஒரு பயம். முகாம்ல இளவரசர்கிட்ட மட்டும் ரகசியமாச் சொல்லுவான்.”

நான் அவனைக் குதிரைப்படையில் சேர்த்திருந்தேன்.