அவன் பேரில் இருந்த தோட்டங்கள்

அக்காள் வீட்டின் பின்புறக் கொட்டகையில், உரமூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே பலகை வைத்து மறித்த இடம்தான் அவனுடைய அலுவலகம். நாற்காலியைப் பின்னால் தள்ளினால் மூட்டை இடிக்கும். முன்னால் இழுத்தால் மேசை வயிற்றை அமுக்கும்.

வேலை போய், ஒற்றைப் பெட்டியோடு வந்து நின்றவனை அக்காள் புருஷன் ஒரு வார்த்தை கேட்காமல் சேர்த்துக்கொண்டார். வீடுகளுக்கும் குடியிருப்புகளுக்கும் தோட்டம் போட்டுக் கொடுப்பது அத்தானின் தொழில். புல்தரை விரிப்பார், கல் பதித்துப் பாதை போடுவார், சாகக் கிடக்கும் செடியையும் பிழைக்க வைப்பார். கணக்கு மட்டும் அவருக்குக் காத தூரம். சரியாகக் கணக்குக் காட்டாததால் அவருடைய பழைய விற்பனை வரிப் பதிவு ரத்தாகியிருந்தது.

"உன் பேர்ல பதிவு எடுத்துக்கலாம் மாப்ளே. சும்மா பேருக்குத்தான்" என்றார். சோறு போட்ட மனிதர் நீட்டிய காகிதம். அவன் கையெழுத்துப் போட்டான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பில்லின் தலையிலும் அவன் பேர். செடிக்கும் கல்லுக்கும் புல்லுக்கும் விற்பனை வரி உண்டு, கூலிக்குக் கிடையாது. அவன் இரண்டையும் பிரித்து எழுதி, வரியைத் தனியாகக் காட்டுவான். வாடிக்கையாளர்கள் கொடுக்கும் அந்தப் பணத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். தொகையை அவன் கணக்கிட்டுச் சொல்வான். கட்டிவிட்டு வருவது அத்தானின் பொறுப்பு. "கட்டியாச்சா அத்தான்?" என்றால், "எல்லாம் ஆச்சு" என்பார்.

அப்படி இருக்கையில், வேறொரு நகரத்து மருத்துவமனையில் சாமான் வாங்கும் பிரிவில் அவனுக்கு வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முன் பதிவை அத்தான் பேருக்கு மாற்றிவிடலாம் என்று வரி அலுவலகத்துக்குப் போனான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மாள் திரையைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"போன வருஷத்திலேருந்து ஒண்ணுமே கட்டலையே. நோட்டீஸ் அனுப்பினோமே, பார்க்கலையா?"

வீட்டுக்கு வரும் தபாலை வாங்குவது அத்தான்தான். அவன் நேராக அவரைத் தேடிப் போனான்.

ஒரு வாடிக்கையாளர் வீட்டுத் தோட்டத்தில் அத்தான் மண்டியிட்டுக் கல் பதித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், வரி கட்டலையாமே."

அவர் நிமிரவில்லை. ரப்பர் சுத்தியால் கல்லைத் தட்டிச் சமமாக்கினார். "மண் தோண்டற மெஷின் எந்தக் காசுல வந்துச்சுன்னு நெனச்சே?"

"அது நம்ம காசு இல்ல. கவர்மென்டுக்குன்னு சொல்லி வாங்கினது."

"என் வேர்வைக்கு வந்த காசு மாப்ளே. எது யாரோடதுன்னு அதுல எழுதியா ஒட்டியிருக்கு?"

"பில்லுல எழுதித்தான் இருக்கு."

அத்தானுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "பழைய பில்லையெல்லாம் புதுசா அடிச்சிடு. புல்லு, கல்லு எதுவும் வேணாம். எல்லாம் கூலின்னு போடு. வரியே வராது. அப்புறம் நீ நிம்மதியா ஊருக்குப் போ."

கொட்டகைக்கு வந்து கணினியில் முதல் பில்லைத் திறந்தான். ஒரு குடியிருப்புச் சங்கத்துடையது. 'புல்தரை' என்பதை அழித்து 'கூலி' என்று அடித்தான். வரி இருந்த இடம் சுத்தமாகக் காலியானது. இவ்வளவு லேசா என்று தோன்றியது. ஆனால் அசல் பில் அந்தச் சங்கத்துப் பொருளாளரிடம் பத்திரமாக இருக்கும். அவர் பேருந்துச் சீட்டைக்கூடக் கிழித்துப் போடாத ஆள். நாளைக்கு யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதில் சொல்ல வேண்டியது மேலே இருக்கும் பேர். அடித்ததை அழித்தான்.

அக்காள் தேநீரோடு வந்தாள். "அவர் சொன்னபடி செஞ்சிட்டுப் போயிடேன்டா. நீ அங்க போயிட்டா உன்னை யாரு தேடப்போறா?"

"என் பேரைத்தான்க்கா தேடுவாங்க. அது என்கூடவே வருமே."

அவள் தம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் அதிகாரி அம்மாளிடம் உண்மைக் கணக்கைக் கொடுத்தான். அவர் நல்லவர்தான். "தவணையா கட்டுங்க, ஒன்றரை வருஷம் தர்றேன். அது முடியற வரைக்கும் பதிவை மாத்தவும் முடியாது, மூடவும் முடியாது."

"தொழில் நடந்தாத்தானே மேடம் தவணை கட்ட முடியும்?"

"ஆமா. நடத்துங்க."

படியில் உட்கார்ந்து யோசித்தான். மருத்துவமனைச் சம்பளம் முழுவதையும் போட்டாலும் தவணைக்குக் காணாது. போய்விட்டால், இவன் பேரில் அத்தான் இங்கே என்னென்ன எழுதுவாரோ. மருத்துவமனைக்குப் போன் போட்டு, வருவதற்குத் தாமதமாகும் என்றான். வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். "சரிங்க" என்றான்.

சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தைச் சொன்னான். "இனிமே வரிக்காசு தனிக் கணக்குல இருக்கும். அது என் கையில."

அத்தானின் முகம் கறுத்தது. "என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு எனக்கே கணக்குச் சொல்றியா?"

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அக்காள் கரண்டியை நிறுத்தினாள். "அவன் பேர்லதாங்க நாம எல்லாரும் சாப்பிடறோம்."

அத்தான் பாதியில் கை கழுவிக்கொண்டு எழுந்தார். அதன்பின் வெகுநாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "உன் தம்பிகிட்ட பில் போடச் சொல்லு" என்பார், அவன் பக்கத்தில் நிற்கும்போதே. அக்காள் அதைத் திருப்பிச் சொல்லாமல் வேலையைப் பார்ப்பாள். அவன் பில் போடுவான். வரி இல்லாமல் போட முடியுமா என்று கண் சிமிட்டும் வாடிக்கையாளர்களிடம் முடியாதுங்க என்பான். இரண்டு பேர் வேறு தோட்டக்காரரைத் தேடிக்கொண்டார்கள். அதற்கும் அத்தானின் முறைப்பு அவனுக்குத்தான். ஆனாலும் தவணை ஒன்றுகூடத் தவறவில்லை.

கடைசித் தவணையைக் கட்டிய அன்று அதிகாரி அம்மாள் ரசீதை நீட்டிச் சிரித்தார்.

"முடிஞ்சுதுங்க. இப்ப பதிவை மூடிக்கலாம். விண்ணப்பம் எடுத்துத் தரட்டுமா?"

இந்தக் கேள்விக்காக அவன் எத்தனையோ நாள் காத்திருந்தான். வாயைத் திறந்தான்.

"அடுத்த மாசம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புல் விரிக்கிறோம் மேடம். பெரிய வேலை. அது முடியட்டுமே."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவன் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தான் சொன்னது தனக்கே புரியாமல், கண்ணாடியின் முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். பின்னால் நின்றவர், "தம்பி, கொஞ்சம் நகருங்க" என்றார்.